சம்பந்தி வளைவுக்கு மேற்கே

தார்ப் பீப்பாய்களை ஓரங்கட்டி, இந்தக் கிடங்கையே மண்டபமாக்கித் தலைமையேற்று அமர்ந்திருக்கும் உதவிப் பொறியாளர் அவர்களே! முன்னிலை வகிக்கும் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே! உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருக்கும் பஸ் டிரைவர் அவர்களே! தேநீர்க் கடை அக்கா அவர்களே! எதிரே கூடியிருக்கும் நாலைந்து பெரியோர்களே! ஆள் வராமல் வரிசையாக நிற்கும் நாற்காலிகளே! உங்கள் அனைவருக்கும் இச்சாலையின் கிழக்கு முனையிலிருந்து வந்திருக்கும் சாலைப் பணியாளனின் வணக்கம்.

மறைந்தவர் யார்? இம்மாநில நெடுஞ்சாலையின் மேற்குப் பாதியைத் தனி ஆளாகக் கட்டிக் காத்தவர்! மழைக்கு முன் வடிகாலையும், மழைக்குப் பின் பள்ளத்தையும் பார்த்தவர்! நண்பர் மேற்கத்தியார் அவர்கள்! எனக்கு அவர் மேற்கு, அவருக்கு நான் கிழக்கு. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம்.

இந்தச் சாலையின் வரலாற்றை எழுதினால் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். இங்கே மேற்கு முனையில் படகுத்துறை, அங்கே கிழக்கு முனையில் ரயில் நிலையம். படகில் வந்த தானியம் ரயிலுக்குப் போகவேண்டும், அதற்காகப் போட்டது. நெடுஞ்சாலை என்று பெயரே தவிர, சைக்கிளை எடுத்தால் பசிப்பதற்குள் மறுமுனை வந்துவிடும். கிழக்கிலிருந்து ஒரு பொறியாளர் தொடங்கினார், மேற்கிலிருந்து ஒருவர் தொடங்கினார். இரண்டு பேரும் நேராகத்தான் போட்டார்கள். நடுவில் வந்து பார்த்தால் இரண்டு சாலைகளும் சந்திக்கவில்லை! ஒன்று ஒரு வயலில் நிற்கிறது, மற்றது பக்கத்து வயலில் நிற்கிறது. தப்பு உன்னுடையது என்று இவர் சொல்ல, உன்னுடையது என்று அவர் சொல்ல, கடைசியில் ஒரு கோணல் போட்டு இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். கல்யாண வீட்டில் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்ததால் மக்கள் அதற்குச் சம்பந்தி வளைவு என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அங்கே லாரிக்காரர்கள் இரண்டு பொறியாளர்களையும் ஒருசேரத் திட்டிக்கொண்டுதான் திருப்புகிறார்கள்.

பிறகு ஆற்றின் மேல்பக்கம் பாலம் வந்தது. பாலத்தோடு அகலச் சாலை வந்தது. படகு நின்றது. இந்தச் சாலையில் மிச்சம் இருந்தது எது? ஒரு பஸ், சில லாரிகள், இரண்டு மண்வெட்டிகள்!

வளைவு வரைக்கும் என் எல்லை. வளைவிலிருந்து அவர் எல்லை. காலையில் அவரவர் முனையில் தொடங்கி, ஓரப் புல் செதுக்கி, பள்ளம் அடைத்து, மதியம் வளைவுக்கு வருவோம். அங்கே புளியமரத்தடியில் ஒரு கிலோமீட்டர் கல் இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் முதுகைச் சாய்த்துச் சாப்பிடுவோம். பிறகு அவரவர் வழி. பகல் முழுக்கத் தனியாக நிற்கிறவர்களுக்கு அந்த நேரம் என்னவென்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? கார்கள் போகும், கை காட்டுவோம், பதிலுக்குத் தூசி வரும். பேச்சுத்துணை என்பது அந்தக் கல் மட்டும்தான்.

என் மனைவி இறந்த வருடம், நான் மதியத்துக்கு ஒன்றும் கொண்டுபோவதில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கல்லில் சாய்ந்திருப்பேன். மேற்கு தன் சாப்பாட்டை நீட்டினார். எனக்கு ரோஷம். பிச்சையா எடுக்கிறேன் என்று கேட்டுவிட்டேன். மறுநாள் இரண்டு அடுக்குப் பாத்திரத்தோடு வந்தார்.

“இது நான் குடுக்கலைய்யா. எங்க வீட்டுக்காரி குடுத்தனுப்பினா. திருப்பிக் கொண்டுபோனா என்னையில்ல உரிச்சு எடுப்பா!”

அண்ணி கொடுத்தது என்றால் மறுக்க முடியுமா? சாப்பிட்டேன். அன்றிலிருந்து சாப்பிட்டேன்.

அவையோரே, அந்த அண்ணியை நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அவரைத் தெரியும்! முழங்கால் வலி. பல்லிக்குப் பயம். மழை வந்தால் துணி எடுக்காமல் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிற பழக்கம். ஒரு நாள் நாக்கு சும்மா இருக்காமல், “அண்ணி கைக்கு உப்பு ரொம்பத் தாராளம்” என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மேற்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“சொன்னேன்யா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. வீட்ல பேச்சுவார்த்தையே இல்ல.”

“ஐயோ, நான் வேணா வந்து சமாதானம் சொல்லட்டுமா?”

“வேணாம் வேணாம். அவ கூச்சக்காரி. ஆளக் கண்டா உள்ள ஓடிருவா.”

அடுத்த வாரம் உப்பு குறைந்திருந்தது. அண்ணி மனம் இறங்கிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கடைசியாகப் பார்த்த அன்று, நெஞ்சு கனமாக இருக்கிறது என்று பாதியில் எழுந்தார். பாத்திரத்தை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான் கல்லில் சாய்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இதோ நிற்கிறாரே, டிரைவர், வளைவில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்தார். “மேற்கு போயிட்டாருங்க. அடக்கமும் முடிஞ்சுபோச்சு” என்றார். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

இன்று காலை, வாழ்க்கையில் முதல் முறையாக, வளைவைத் தாண்டி மேற்கே நடந்தேன். ஒரே சாலையில் இத்தனை வருடம் வேலை பார்த்தவன் இந்தப் பக்கம் வந்ததில்லையா என்று கேட்பீர்கள். வளைவு வந்தால் திரும்பியே பழகிய கால்கள் இவை! நடக்க நடக்க எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. கல் குவாரியின் வெள்ளைத் தூசி. கைப்பிடிச் சுவரில் ஒரு மூலை உடைந்த சிறு பாலம். பள்ளிக்கூடத்தின் முன்னால், மேட்டை நோக்கித் தண்ணீர் ஓடுவது போலக் கண்ணை ஏமாற்றும் வடிகால். சாலையைப் பற்றி அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

கையில் அந்தப் பாத்திரம் இருந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா? அதுவும் துக்க வீட்டில்? அண்ணி அடுப்பு மூட்டியிருக்க மாட்டார் என்று நானே சமைத்து, இரண்டு அடுக்கும் நிரப்பிக் கொண்டுவந்தேன். உப்பைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

தேநீர்க் கடையில் வீட்டை விசாரித்தேன். அக்கா என்னைக் கூட்டிப்போய் ஓர் அறையைத் திறந்து காட்டினார். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஓர் அடுப்பு. ஆணியில் அவருடைய காக்கிச் சட்டை.

“அண்ணி எங்கம்மா?” என்றேன்.

“யாருங்க அண்ணி? அவருக்கு ஏதுங்க கல்யாணம்? ஒத்தை ஆளுதான் எப்பவும்.”

நான் கையிலிருந்த பாத்திரத்தைக் காட்டினேன். அக்கா அதைப் பார்த்துச் சொன்னார்.

“விடியறதுக்கு முன்னாடியே அடுப்புப் பத்த வச்சிருவாரு. ஒருத்தருக்கு எதுக்குங்க இவ்வளவுன்னு கேப்பேன். கிழக்கால ஒரு ஆளு இருக்கான், உப்பு கூடுனா மூஞ்சியச் சுளிப்பான்னு சொல்வாரு. அது நீங்கதானா?”

ஆமாம், அது நான்தான்!

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வேன், அவையோரே? என் ரோஷத்துக்குப் பயந்து ஒரு மனைவியை உண்டாக்கினாரே, அதைச் சொல்லவா? அந்த ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்கலாமே! சோறு எனக்கு வந்தாயிற்று. பல்லிக்கு அவள் ஏன் பயப்படவேண்டும்? மழையை அவள் ஏன் பார்க்கவேண்டும்? அதெல்லாம் எனக்காகச் சொன்னதில்லை என்று அந்த அறையில் நின்றபோது தெரிந்தது. சாயங்காலம் இந்த அறைக்குத் திரும்புகிற மனிதருக்கும் ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள். மதியம் என்னிடம் பேசப் பேச அவள் இருந்திருக்கிறாள். நான் “அண்ணி சௌக்கியமா” என்று கேட்கும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்ததே, அது இதனால்தான். நான் இன்று இரண்டு பேருக்காக அழுகிறேன், ஐயா. அதில் ஒருவர் இருந்ததே இல்லை. ஆனாலும் அவர் கைச்சோற்றை எல்லாரையும் விட அதிகம் சாப்பிட்டவன் நான்தான்.

பொறியாளர் அவர்கள் பேசும்போது சொன்னார்கள், மேற்குப் பாதிக்கு இனி நிரந்தரப் பணியாளர் கிடையாது, ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் நாளை முதல் வருவார் என்று. யார், எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. வரட்டும். என் சர்வீஸ் இருக்கும்வரை கிழக்குப் பாதியில் ஒரு பள்ளம் மழை வரைக்கும் காத்திருக்காது. வளைவின் ஓரப் புல்லை இரண்டு பக்கமும் நானே செதுக்குவேன். இது மேற்கத்தியார் மீது ஆணை!

இன்னொன்று. இந்தப் பாத்திரத்தை வாங்கிக்கொள்ள இங்கே ஆள் இல்லை. ஆகவே திருப்பிக் கொண்டுபோகிறேன். நாளை மதியம் இரண்டு அடுக்கும் நிரப்பிக்கொண்டு வளைவுக்கு வருவேன். மேற்கிலிருந்து மண்வெட்டியோடு யாரோ ஒருவர் வருவார். அவருக்கும் ரோஷம் இருக்கும். வேண்டாம் என்பார்.

அவரிடம் நான் சொல்லப்போவது இதுதான்:

“இது நான் குடுக்கலைய்யா. எங்க வீட்டுக்காரி குடுத்தனுப்பினா.”