மேல்தட்டில் இருந்த மருந்து

எங்கள் செய்தி அறையில் ஒரு குளிர்பெட்டி இருக்கிறது. பழசு. கதவு ரப்பர் கிழிந்து, ஒரு பக்கம் துணி செருகி வைத்திருக்கிறோம். ஆனாலும் குமாசி நகரில் எங்கள் சுவாமே வட்டாரத்தில் நாள் முழுக்கக் குளிர்ந்திருந்த பெட்டி அது ஒன்றுதான். ஊருக்கு மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். வானொலி நிலையத்துக்கு ஜெனரேட்டர் உண்டு. தெய்வவாக்கு நடுவில் நின்றுவிடக் கூடாதல்லவா.

மேல்தட்டில், என் தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்தில், மாமே ஃபொசுவாவின் இன்சுலின் குப்பி இருக்கும். அவள் எங்கள் வாசலில் வாச்சே விற்பவள். பயறு கலந்த சிவப்புச் சோறும் மேலே மிளகாய்ச் சாந்துமாக இலையில் கட்டித் தருவாள். தான் ஆக்கிய சோற்றைத் தானே வயிறாரத் தின்ன முடியாத அளவுக்கு அவளுக்குச் சர்க்கரை. காலைச் செய்திக்கு முன்னால் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மாடி ஏறி வருவாள். நான் குப்பியை எடுத்துக் கொடுப்பேன். ஏழு வருடம் இது நடந்தது. ஏழு வருடமும் என் பொட்டலத்தில் ஒரு முட்டை அதிகம் இருந்தது.

என் பெயர் அக்குவோகோ. இருபத்திரண்டு வருடமாகச் செய்தி வாசிக்கிறேன். நம் வானொலிகளின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். லாரி கவிழ்ந்தால் அதற்கு ஒரு பழமொழி, அமைச்சர் தும்மினால் அதற்கு ஓர் ஒப்பாரி. வாசிப்பவன் ஆடிப் பாடி முடிப்பதற்குள் செத்தவன் பெயர் மறந்து போகும். நான் அந்தக் கூத்துக்குப் போகவில்லை. உள்ளதை உள்ளபடி வாசித்தேன். 'அக்குவோகோ சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று சந்தையில் சொல்வார்கள். நான் சேர்த்த சொத்து அது ஒன்றுதான்.

இனி தீர்க்கதரிசி மல்கியேல். வியாழன்தோறும் காலைச் செய்தி முடிந்த கையோடு அவருடைய ஒரு மணி நேரம். வானொலிப் பெட்டியின் மேல் தண்ணீர்ப் பாட்டிலை வைக்கச் சொல்வார். இவர் ஒலிவாங்கியில் உறுமினால் ஊர் முழுக்கத் தண்ணீர் மருந்தாகிவிடும். சுகாதார அலுவலகத்தின் புதுக் கட்டடத்தை யார் திறந்தது? அவர்தான். பாராளுமன்ற உறுப்பினர் வேட்புமனுவை யார் காலடியில் வைத்து எடுத்தார்? அவர் காலடியில்தான். அவர் கண்ட கால்பந்துக் கனவு எங்கள் முதல் செய்தி, வாந்திபேதி ஐந்தாவது செய்தி. அதையும் நானே வாசித்தேன்.

அவர் பேச்சைக் கேட்டு ஜனங்கள் மருந்தை நிறுத்துகிறார்கள் என்று ஒன்பது முறை செய்தி எழுதினேன். ஒன்பதும் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஒன்பதாவதைக் கொண்டுபோனபோது எங்கள் மேலாளர் டார்க்வா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"எத்தனை பேர் செத்தாங்க?"

"ஒருத்தருக்குக் கை கால் விழுந்திருக்கு. யாரும் இன்னும் சாகல."

"அப்போ இதுல செய்தி எங்கப்பா இருக்கு? ஒரு பிணத்தக் கொண்டா, முதல் செய்தியாப் போடறேன். போ, போ, வாச்சே ஆறிடப் போகுது."

அவர் சிரித்தார். கேலியாகத்தான் சொன்னார், தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள், நிர்வாகம் முதல்முறையாக எனக்குத் தெளிவாக ஒரு நிபந்தனை சொன்னது அன்றுதான்.

அடுத்து வந்தது ஈஸ்டருக்கு முந்திய வியாழன். நிகழ்ச்சி முடிந்ததும் மாமே ஃபொசுவா மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள். கையில் தண்ணீர்ப் பாட்டில்.

"ஐயா, கேட்டீங்களா? 'சுவாமே சந்திப்புல சோறு விக்கிற ஒரு பொம்பள, ஊசி குத்திக் குத்தித் தொடையெல்லாம் கல்லாப் போனவ, இன்னியோட உன் ஊசிய எறி'ன்னாரு. பேரு மட்டுந்தான் சொல்லல. நான்தானே அது?"

தீர்க்கதரிசியின் டிரைவர் தினமும் அவளிடம்தான் சாப்பிடுகிறான். அவனிடம் அவள் தொடை வலியைச் சொல்லி அழுததை என் காதால் கேட்டிருக்கிறேன். இதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

"என் தங்கச்சி அபெனா விடாதேங்குறா," என்றாள். "தீர்க்கதரிசி விடுங்குறாரு. நீங்க கோயில் பக்கமே போகாத ஆளு. உங்களுக்கு இதுல லாபமும் இல்ல, நட்டமும் இல்ல. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

வானிலை அறிக்கை வாசிக்க ஆகிற நேரம்தான் யோசித்தேன்.

"அவர் உன்னைத்தான் சொன்னார், மாமே."

அவ்வளவுதான் சொன்னேன். இதில் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் அவளைத்தான் சொன்னார்.

"அப்போ அந்தக் குப்பி?"

"அத நான் பாத்துக்கறேன்."

அதையும் பார்த்துக்கொண்டேன். மேல்தட்டிலிருந்து எடுத்து, பின்னால், பழைய பால் டப்பாவுக்கு மறைவில் வைத்தேன். போகும்போது என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். கை எரிச்சலாக இருந்தது, அவள் கையில் மிளகாய்ச் சாந்து.

ஞாயிற்றுக்கிழமை மல்கியேலின் சபையில் சாட்சி சொன்னாள். நேரலை. 'எறிஞ்சுட்டேன், எல்லாத்தையும் எறிஞ்சுட்டேன்' என்று அவள் அழ, கூட்டம் ஆர்ப்பரித்தது. சனிக்கிழமையிலிருந்தே அவளுக்குத் தாகம். பாட்டில் பாட்டிலாகக் குடித்தாள். "ஆசீர்வாதத் தண்ணி ஐயா, குடிக்கக் குடிக்கக் கேக்குது," என்று பூரித்துப் போனாள். அந்தத் தாகம் என்னவென்று எனக்குத் தெரியும். என் அப்பா சர்க்கரையில்தான் போனார்.

திங்கட்கிழமை ஈஸ்டர் விடுமுறை. மருந்துக் கடைகள் பூட்டியிருந்தன. மத்தியானம் அபெனா ஓடி வந்தாள், காலில் செருப்பில்லை.

"குப்பியக் குடுங்கய்யா. அக்கா வாந்தி மேல வாந்தி. மூச்ச இழுத்து இழுத்து விடுறா. அவளேதான் கேட்டனுப்புனா. 'ஐயாகிட்ட இருக்கும், ஐயா வெச்சிருப்பாரு'ன்னு சொல்றா."

"நேத்து வானொலியில உங்க அக்கா என்ன சொன்னா, அபெனா?"

அவள் இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

"எறிஞ்சுட்டேன்னுதானே சொன்னா? ஊரே கேட்டுச்சே."

அவள் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் அப்போது குளிர்பெட்டியில் சாய்ந்துதான் நின்றிருந்தேன். முதுகில் அதன் நடுக்கம் தெரிந்தது. உங்களுக்கு இது கொடுமையாகப் படலாம். ஆனால் அந்த மல்கியேல் வாயை மூடவைத்தால் எத்தனை மாமேக்கள் பிழைப்பார்கள் என்று கணக்குப் பாருங்கள். கொடுத்திருந்தால் அவள் எழுந்து உட்கார்ந்திருப்பாள். எழுந்து உட்கார்ந்து, தண்ணீர்தான் காப்பாற்றியது என்று மறுபடி சாட்சி சொல்லியிருப்பாள்.

அன்று மாலையே செய்தியை எழுதிவிட்டேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. அவளைச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். காலம் கடந்துவிட்டது. புதன்கிழமை விடியலில் போய்விட்டாள். வயது நாற்பத்தாறு.

காகிதத்தை டார்க்வாவின் மேசையில் வைத்தேன். முழுக்கப் படித்தார்.

"பிரமாதமா எழுதியிருக்க. ஆனா அடக்கத்த நேரலையாப் போடச் சொல்லித் தீர்க்கதரிசி ஆளுங்க இப்பதான் பேசிட்டுப் போனாங்க. இதப் போட்டா நல்லாவா இருக்கும்?"

"நீங்கதான் பிணம் கேட்டீங்க."

"நானா? எப்பப்பா கேட்டேன்?"

நடிக்கவில்லை. மனிதர் நிஜமாகவே மறந்துவிட்டார்.

மரண அறிவிப்பை வாசித்ததும் நான்தான். அபெனா கேட்டுக்கொண்டாள். "அக்காவுக்கு உங்க குரல்னா உசுரு," என்றாள். பழமொழி எதுவும் சேர்க்காமல், உள்ளதை உள்ளபடி வாசித்தேன்.

அடக்கத்தன்று கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடையில் ஊரே கூடியது. மல்கியேல் சவப்பெட்டிமேல் கைவைத்து, "திங்கட்கிழமை வரைக்கும் இவ சுகமாத்தான் இருந்தா," என்றார். "திங்கட்கிழமை ஊசியத் தேடி ஆள் அனுப்பினா. சந்தேகம் உள்ள வந்துச்சு, சாவு பின்னாலயே வந்துச்சு." ஆமென் என்றது கூட்டம். அபெனாவும் சொன்னாள். மறு வியாழன் தண்ணீர் வைத்தவர்கள் இரண்டு மடங்கு. இந்த ஜனத்தை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். வழக்கு என்று ஒன்று பதிவானால் எந்த வானொலியாலும் மூடிவைக்க முடியாது. நீங்களோ நான் வந்ததிலிருந்து குப்பி எங்கே, குப்பி எங்கே என்று அதையே கேட்கிறீர்கள். பால் டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பாதிக்கு மேல் மருந்து மிச்சம், இன்னும் கெட்டிருக்காது. ஆம், எடுத்துக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன், கொடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். எழுதுகிற உங்கள் கான்ஸ்டபிள் மணிக்கட்டில் மல்கியேலின் பக்தர்கள் கட்டும் நீலப்பட்டை தெரிகிறது. பரவாயில்லை, எழுதட்டும்.

இதோ அந்தச் செய்தி. ஒரு பிரதி உங்களுக்கு. தலைப்பில் மல்கியேலின் பெயர் இருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை. வாசிப்பவன் செய்திக்குள் வரக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அடித்தல் திருத்தல் ஒரே இடத்தில்தான். திங்கட்கிழமை எழுதும்போது 'செவ்வாய்க்கிழமை இறந்தார்' என்று எழுதியிருந்தேன். அவள் புதன்வரை தாங்கிவிட்டாள். அதைத் திருத்திவிட்டேன். பொய்ச் செய்தி எழுதினவன் என்று என்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.