மரிசோலின் மேல் ஸ்தாயி

ஸ்ரீரஞ்சனி: அறுபத்தி நாலு வயசு, உபைத். ஆடிண்டே பாடறா. கடைசிப் பாட்டுல உச்சில போய் நின்னாளே... மூச்சு வாங்கலையே.

உபைத்: நந்தனம் கச்சேரிக்கு நீங்களுமா வந்தீங்க, மாமி? கர்னாடக சங்கீதம் பாடறவங்க சல்சா பாட்டு கேக்க வந்தீங்கன்னா சபால இன்னா சொல்வாங்க?

ஸ்ரீரஞ்சனி: முக்காடு போடாத குறையா உக்காந்திருந்தேன். நீதான் சவுண்டுன்னு அங்க வந்துதான் தெரிஞ்சுது. கிட்டக்க பாத்தியே, எப்படி அவ?

உபைத்: மரிசோலா? தங்கம். வயர் இழுக்கறவங்க வரைக்கும் கை குடுத்தாங்க. பதினாறு வயசுல கொலம்பியால துறைமுகத்து பார் ஒண்ணுல பாட ஆரம்பிச்சாங்களாம். பொம்பளைக்கு இந்தப் பாட்டு சரிப்படாதுன்னு ரெக்கார்ட் கம்பெனிக்காரன் மூணு தடவை திருப்பி அனுப்பினானாம். அப்பால அவனுக்கே இருபத்திரண்டு ஆல்பம் பாடிக் குடுத்தாங்க.

ஸ்ரீரஞ்சனி: என் மாட்டுப்பொண் அடையார் ஜிம்ல அவ பாட்டுக்குத்தான் ஆடறா. ஒரு வார்த்தை புரியாது. நான் பாடற தெலுங்கும்தான் புரியாது... அதுக்குத் தூங்கறா.

உபைத்: ஆனா அந்தக் கடைசிப் பாட்டு...

ஸ்ரீரஞ்சனி: என்ன?

உபைத்: வேணாம், வுடுங்க.

ஸ்ரீரஞ்சனி: சொல்லு. ஆத்துல வேற யாரும் இல்லை.

உபைத்: அது அவங்க குரல் இல்ல, மாமி. கோரஸ்ல குட்டை முடியோட ஒரு பொண்ணு நின்னுகினு இருந்துச்சே, அது பாடினது. மேல போறப்ப இவங்க மைக்கைக் குறைச்சு, அந்தப் பொண்ணு மைக்கை ஏத்தணும். நான்தான் ஏத்தினேன். பத்து வருஷமா அப்படித்தானாம்.

ஸ்ரீரஞ்சனி: ஜனங்களுக்கு?

உபைத்: தெரியாது. போஸ்டர்ல அந்தப் பொண்ணு பேரே இல்ல.

ஸ்ரீரஞ்சனி: அநியாயம். குரல் போயிடுத்துன்னா கௌரவமா நிறுத்திக்கணும். நானா இருந்தா அன்னிக்கே மேடையை விட்டு எறங்கியிருப்பேன்.

உபைத்: மாமி...

ஸ்ரீரஞ்சனி: என்ன, காபி ஆறிடுத்தா?

உபைத்: போன மார்கழில நீங்க எறங்கலையே. பின்னாடி உக்காந்து பாடின உங்க சிஷ்யை மதுவந்தி... மேல் ஸ்தாயி முழுக்க அது குரல்தான். உங்க குரல் மேல ஏறல, நானாவே உங்க மைக்கைக் குறைச்சு அது மைக்கை ஏத்திட்டேன். பேப்பர்ல உங்களைப் புகழ்ந்து எழுதினாங்க. எப்படிச் சொல்றதுன்னு ஒரு வருஷமா...

ஸ்ரீரஞ்சனி: தெரியும்.

உபைத்: தெரியுமா?

ஸ்ரீரஞ்சனி: என் குரல் எதுன்னு எனக்குத் தெரியாதா? மதுவந்தி இந்த வருஷம் தனிக் கச்சேரிக்கு ஒத்துண்டுட்டா, உபைத். அதான் உன்னை வரச் சொன்னேன். நன்னாப் பாடணும், வெளில வாயைத் திறக்கப்படாது... அப்படி ஒருத்தியைப் பாத்துக் கொடேன்.