தலையாட்டினால் நம்பாதே

— எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குது.

— ஐயோ, எதை மகனே?

— இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கறதை.

— நான் உன்னைப் பெத்தவ இல்லதான், ஆனா நான் என்ன சொல்றேன்னா லூனிஸ், அவசரப்படாத. நுவாரா வச்சிட்டுப் போனதெல்லாம் அதுல இருந்தா என்ன பண்ணுவ? பொண்டாட்டி போய்ச் சேர்ந்தா, அவ எழுதி வச்சதும் போச்சுன்னு ஆயிடக் கூடாது.

— அது இதுல இல்ல யம்மா. அவ லேப்டாப் எரிஞ்சு போச்சு. டிஸ்க் மட்டும் தப்பிச்சுது. இதோ, என் சட்டைப் பையில.

— சட்டைப் பையிலயா? ஒன்றரை வருஷமாவா?

— ஆமா. இந்தக் கம்ப்யூட்டர் பெல்கூர்ல பழைய சாமான் கடையில வாங்கினது. அழிக்கலாம்.

— அப்ப அழி. பிஸ்மில்லா சொல்லி அழி.

— அழிச்சாச்சு.

— அடேய் எஞ்சினியரே! ரெண்டு பேரும் என்னடா பேசறீங்க? வாய் அசையுது, ஒண்ணும் வரல! இந்தக் கூண்டுல இருக்கற என் பறவை மாதிரியே இருக்கீங்க!

— கத்தாதீங்க ஹாஜ்! காது மெஷின் ரெண்டும் அவன்கிட்ட இருக்கு! அதான் கேக்கல!

— ஆ?

— காபியைக் குடிங்கன்னேன்!

— ஆறிப்போச்சு! சத்தியமா சொல்றேன், நாலு மாடி ஏறினதுல நானும் ஆறிப்போனேன்! இந்தக் கட்டடத்து லிஃப்ட் சுதந்திரம் வந்த அன்னைக்குக் கொண்டாடப் போச்சு, இன்னும் திரும்பல!

— கேட்டியா மகனே, இந்த மனுஷனோட அறுபது வருஷம். சரி, இப்ப என்ன போடற அதுல? விண்டோஸா?

— இல்ல. உபுண்டு. இலவசம்.

— இலவசம்னா கெட்டுப்போனதா இருக்கும்.

— மலையில உங்க ஊர் ஊத்து கெட்டதா?

— சே, என்ன பேச்சு! அந்தத் தண்ணி மாதிரி உண்டா?

— அதே மாதிரிதான். யாரும் பூட்டல. எல்லாரும் சேர்ந்து தூர் வாரறாங்க.

— அப்படிச் சொல்லு.

— இப்ப இதுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் கட்டணும்.

— மேசையில இடம் இல்லையேப்பா.

— இதுக்குள்ளயே. வீட்டுக்குள்ள ஒரு அறை மாதிரி. விர்ச்சுவல்பாக்ஸ்னு பேரு. நுவாரா வேலை பாத்த இடத்துல காது மெஷின்களைச் சரி பண்ணின புரோகிராம் ரொம்பப் பழசு, புதுசுல ஓடாது. அதனால அவ டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து, அந்த அறையில குடி வைக்கிறேன். உள்ள இருக்கறது தான் தனி வீட்டுல இருக்கறதாவே நினைச்சுக்கும்.

— ஓ. மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமக.

— ம்.

— நான் என்ன சொல்றேன்னா, இதெல்லாம் இவ்வளவு பாடுபட்டுப் பண்ணணுமா? மெஷினை மாட்டினா அவருக்குத்தான் மனுஷப் பேச்சு கேக்குதே. பறவைப் பாட்டு மட்டும்தானே கேக்கல. எண்பது வயசுல அது போனா என்ன?

— நாளைக்கு வெள்ளிக்கிழமை யம்மா. கஃபேல மக்னீன் பறவைப் பாட்டுப் போட்டி. முப்பது வருஷமா அவர்தான் நடுவர்.

— தெரியும், தெரியும். போன வாரம் வாயே திறக்காத பறவைக்கு முதல் பரிசு குடுத்துட்டு வந்தாரு. பாப் எல் வேத் பேட்டை முழுக்கச் சிரிக்குது.

— நாளைக்கும் அப்படி ஆனா நாற்காலி போச்சு.

— போகட்டும்ங்கறேன். என்ன, முகம் மாறுது உனக்கு?

— உள்ள கட்டின கம்ப்யூட்டர் எழுந்திரிக்க மாட்டேங்குது.

— பாத்தியா! விதி! நாங்க கிளம்பறோம். ஏங்க, எழுந்திருங்க!

— உக்காருங்க யம்மா. உள்ள இன்னொரு கம்ப்யூட்டரை ஓட விடற சுவிட்ச் ஒண்ணு இருக்கு. வித்தவன் அதை அணைச்சு வச்சிருக்கான். முதல்லேர்ந்து ஏத்தி, அதைப் போடணும். ரெண்டு நிமிஷம்.

— லூனிஸ்.

— ம்.

— அந்தச் சுவிட்சைப் போடாத.

— ஏன்?

— இந்தப் பக்கம் திரும்பு. அவருக்குக் கேக்காது, ஆனா மூஞ்சியைப் படிச்சிடுவாரு. கூண்டுல இருக்கறது அவரோட பறவை சுல்தான் இல்ல, வேற. நோன்பு இருபத்தேழாம் நாள் காலையில பாத்தா, கூண்டுக்குள்ள மல்லாந்து கிடக்கு. பதினொரு வருஷம் வளத்த பறவைப்பா. அவரு தூங்கிட்டிருந்தாரு. நான் மருமகனைக் கூப்பிட்டு, சந்தைக்கு விரட்டி, அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னேன். எல்லா மக்னீனும் ஒரே மூஞ்சிதானே, சிவப்பு முகம், மஞ்சள் சிறகு. "சிறகு என்ன இப்படி மினுங்குது?"ன்னாரு. உதிர்த்து முளைச்சிருக்குன்னேன்.

— பாட்டு?

— அதான் கேக்கலையே! நகரத்துல அந்தப் புதுக் காது மெஷின் கடைக்காரன், சுத்தம் பண்றேன்னு மெஷினை வாங்கி, நுவாரா அதுல வச்ச அளவெல்லாம் தொடச்சிட்டான்ல. அன்னைக்குத் திட்டினேன். நோன்புக்கு அப்புறம் நன்றி சொன்னேன். இப்ப நீ சரி பண்ணிட்டா, முதல் கூவல்லயே கண்டுபிடிச்சிடுவாரு. தாங்க மாட்டாரு மகனே. செத்துடுவாரு.

— சாக மாட்டாரு.

— உனக்கு எப்படித் தெரியும்?

— தெரியும்.

— அடேய், என்னடா ரகசியம்? என் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறீங்களா?

— உங்களை எவ கட்டுவா! சும்மா இருங்க!

— சுவிட்ச் போட்டாச்சு யம்மா.

— போட்டுட்டியா. சரி. அல்லா பாத்துப்பான்.

— எழுந்துடுச்சு.

— என்னப்பா அது, நீலமா?

— கடல். அவ திரையில வச்ச படம், ஸிதி ஃப்ரெஜ் கரையில எடுத்தது. ஓரத்துல பாருங்க, அவ செருப்பு.

— ஒத்தைச் செருப்பு.

— இன்னொண்ணை அலை எடுத்துட்டுப் போச்சு. என் செருப்பைப் போட்டுக்கிட்டு வந்தா.

— நீ?

— வெறுங்கால்.

— இன்னைக்கு ஏதாவது சாப்பிட்டியா மகனே? வரும்போது கரன்டிட்டா, கொண்டைக்கடலை மாவு அடை, வாங்கிட்டு வந்தேன், எடுத்துக்க.

— அப்புறம். புரோகிராம் திறக்க மாட்டேங்குது. காலாவதி ஆயிடுச்சாம்.

— புதுப்பிக்க முடியாதா?

— பண்ணினவனே கடையை மூடிட்டான். யார்கிட்ட கேக்கறது? அந்த அறையில மட்டும் நாள்காட்டியைப் பின்னால திருப்பறேன்.

— எந்த நாளுக்கு?

— பிப்ரவரி எட்டு.

— அது...

— அன்னைக்குத்தான் அவ கடைசியா வேலைக்குப் போனா. அவ்வளவுதான். திறந்துடுச்சு.

— யா ரப்பி. திறந்துடுச்சா!

— காது மெஷின் ஒயர் இன்னும் வெளி வீட்டுலயே நிக்குது. உள்ள விடணும். ஒரு நிமிஷம். இதோ, உள்ள வந்துடுச்சு. ஹாஜ் பேரு இருக்கு, "முக்ரான், அல் ஹாஜ்." அவகிட்ட ஆறு தடவை வந்திருக்காரு.

— எப்பப் போனாலும் ஒரு டப்பா பேரீச்சம்பழம் எடுத்துட்டுப் போவாரு. நல்ல பொண்ணும்பாரு.

— மூணு இடம் ஒதுக்கியிருக்கா. ஒண்ணு, வீடு. ரெண்டு, கஃபே. மூணு, மக்னீன்.

— பறவைக்குன்னு தனியாவா?

— இந்த மெஷின் கீச்சுன்னு சத்தம் வந்தா, தானே கீச்சிடறதா நினைச்சு அமுக்கிடும். பறவைப் பாட்டையும் சேர்த்து. மூணாவது இடத்துல மட்டும் அதை அமுக்க விடாம அவ நிறுத்தி வச்சிருக்கா. இப்ப அனுப்பறேன். காதுல மாட்டி விடுங்க.

— ஏங்க, தலையைக் காட்டுங்க. ம். கேக்குதா?

— கேக்குது, கேக்குது! பிரமாதம்!

— மக்னீன் பாடறது கேக்குதா ஹாஜ்?

— ஆஹா! என்ன பாட்டு! சுல்தான் இன்னைக்கு நல்ல குஷியில இருக்கான்!

— பாத்தியா, கேக்குதாம். ஜோலி முடிஞ்சுது. வாங்க போகலாம்.

— கூண்டு மேல துணி மூடியிருக்கு யம்மா. அது பாடவே இல்ல. அவ ஒரு குறிப்பு எழுதியிருக்கா, கீழே. படிக்கிறேன். "ஹாஜ் மரியாதைக்காரர். எனக்குக் கஷ்டமாக இருக்குமே என்று கேட்காததையும் கேட்டதாகச் சொல்வார். தலையாட்டினால் நம்பாதே. மூக்கைச் சுருக்கினால் நம்பு."

— அந்தப் பொண்ணு என் புருஷனை எனக்கு முன்னாடியே படிச்சிருக்கா.

— வலது காதுக்குத்தான் போயிருக்கு. இடதுக்கும் அனுப்பறேன். ஹாஜ், மக்னீன் இடத்துக்குப் போக, காதுக்குப் பின்னால இருக்கற பொத்தானை மூணு தடவை அமுக்குங்க.

— மூணு. சத்தியமா மூணு. அடேய்! இந்த ஃபேன் இவ்வளவு சத்தமாவா சுத்துது?

— யம்மா, துணியை எடுங்க.

— நான் மாட்டேன்.

— நான் எடுக்கறேன்.

— பாடுது லூனிஸ். கழுத்து புடைக்குது பாரு.

— அதைப் பாக்காதீங்க. மூக்கைப் பாருங்க.

— சுருக்கறாரு! மகனே, சுருக்கறாரு! ஒரு துளி தலையாட்டல! யூ யூ யூ யூ யூ!

— குலவையை நிறுத்துடி! அவன் பாடி முடிக்கட்டும்! இந்தா, இழுக்கறான், இழுக்கறான், இப்ப உடைப்பான், உடைச்சான்! மறுபடி ஏறறான்! மூணாவது திருப்பத்துல மூச்சு விடறான் கழுதை. அவசரக்காரன். ஆனா குரல்! எஞ்சினியரே, குரலைக் கேட்டியாடா?

— கேட்டேன் ஹாஜ்.

— நுவாரா ஜெயிச்சுட்டாடா! நீயும் ஜெயிச்சுட்ட! நாளைக்கு அந்தக் கஃபேல எவன் சிரிக்கறான்னு பாக்கறேன்! ஏ வர்தியா, எதுக்கு அழற?

— என்னை மன்னிச்சிடுங்க.

— எதுக்கு?

— நீங்களே கேட்டுட்டீங்களே. மூணாவது திருப்பத்துல சுல்தான் மூச்சு விட மாட்டானே. தப்பு என்னுது. நோன்பு இருபத்தேழு. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு...

— அன்னைக்கு எழுந்ததும் தீனி போடக் கூண்டுல கையை விட்டேன். விரலைக் கொத்திட்டான். பதினொரு வருஷத்துல சுல்தான் என்னை ஒரு தடவை கொத்தினது கிடையாது. சிறகு உதிர்த்து முளைச்சிருக்குன்னு நீ சொன்னியே. அப்ப நான் என்ன பண்ணேன்?

— என்ன பண்ணீங்க... தலையாட்டினீங்க. அப்ப நாற்பது நாளா சுல்தான், சுல்தான்னு கூப்பிட்டது?

— உனக்காகடி. ரெண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டு நடந்தோம்.

— அப்புறம் எதுக்கு ஹாஜ் நாலு மாடி ஏறி வந்தீங்க?

— சுல்தான் பாட்டு எனக்கு மனப்பாடம் எஞ்சினியரே, அதுக்கு மெஷின் எதுக்கு? இந்தப் புதுப் பயல் என்ன பாடறான்னு கேக்கத்தான் வந்தேன்.