கன்னத்துக்கு உள்பக்கம்

இல்ல டாக்டரம்மா, காலையில வர்றோம்னு சொல்லிட்டு, ஃபேக்டரியில மத்தியானச் சங்கு ஊதுனதுக்கப்பறம் வந்தா என்னா நியாயம்? மலையில இருக்குறவங்கன்னா மனுசங்க இல்லையா? ...இருங்க, வாயத் தெறக்கத்தான் போறேன். தெறந்துதானே பேசிக்கிட்டு இருக்கேன்!

மொதல்ல இந்த நாக்காலியப் பாருங்க. வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல க்ளினிக் வச்சா இதான் கதி. பால்குடி மறந்த புள்ள ஒக்கார்ற நாக்காலி. எந்திரிச்சா கூடவே வருது! கேன்சர் வைத்தியத்த முன்னேத்துறதுக்கு முன்ன நாக்காலிய முன்னேத்துங்கம்மா.

வியாகுலம்னா யாருன்னு கேட்டுப் பாருங்க, தோட்டமே சொல்லும். போன மாசம் மாதா கோயில் கூட்டத்துல நான்தான் எந்திரிச்சுக் கத்துனேன். "வாய்க்குள்ள ஒரு புண்ணுன்னா, வேலய விட்டுட்டு பஸ் புடிச்சு ரயில் புடிச்சு கொழும்புக்கு அலையணுமா? சும்மா பாக்குறதுக்காச்சும் டாக்டர் இங்க வரட்டும்!"னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. ஃபாதரும் தட்டுனாரு. நீங்களும் வந்துட்டீங்க. கேட்டா வந்துருவீங்கன்னு எனக்கு எப்புடிம்மா தெரியும்?

டார்ச்சக் கொஞ்சம் எறக்குங்க, கண்ணு கூசுது.

வெத்தலயா? போடுவேன். இல்லன்னு சொல்லல. மழையிலயும் பனியிலயும் தேயிலைய கவ்வாத்து வெட்டுறவன், வாயில பொகயில இல்லன்னா வெறச்சே போயிருவான்.

வலது கன்னமா? யாரு சொன்னா? ஜோசப்பினா? பாருங்க, கதவுல கொடையக் குறுக்க வச்சுக்கிட்டு நிக்கிறா. நான் ஓடிருவேனாம்! கட்டுன புருசன் மேல நம்பிக்கையப் பாத்தீங்களா? எல்லாம் நாயினால வந்த வென. காரம் பட்டா கன்னத்துல நெருப்ப அள்ளி வச்ச மாரி எரியுது. அவ வைக்கிற கட்டசம்பல், கருவாடு, எல்லாத்தையும் மேசைக்கடியில நாய்க்குத் தள்ளுனேன். அது தின்னுட்டு நாள் பூரா பீலிக் கொழாயிலயே தண்ணி குடிச்சுக்கிட்டுக் கெடக்கு. "நாயி கொழுக்குது, நீங்க எளைக்கிறீங்க, என்னா கதை?"ன்னு புடிச்சிட்டா.

ஒரு கன்னத்துல அறைஞ்சா மறு கன்னத்தக் காட்டச் சொல்லி வேதத்துல இருக்கு. கன்னத்துக்கு உள்பக்கத்தக் காட்டச் சொல்லி எங்கம்மா இருக்கு? ஃபாதர்கிட்டயே கேட்டேன். அவரு எனக்கு முன்னுக்கு க்யூவுல நின்னு காட்டிட்டுப் போயிட்டாரு.

சரி, நீங்க லேட்டான கதைக்கு வருவோம். தோட்டத்து மேல் பக்கம், பாலம் ஒடஞ்ச மேக்கணக்கு ரோட்ட எந்த மடையன் ஒங்களுக்குக் காட்டுனான்? வேன் சேத்துல பொதஞ்சு, கொழுந்தெடுக்குற பொம்பளைங்க கூடய எறக்கி வச்சுட்டுத் தள்ளுனாங்களாமே! நீங்களுமா தள்ளுனீங்க? அய்யய்யோ, கால்ல சப்பாத்தெல்லாம் சேறு...

என்னா ட்ரைவர் தம்பி, வாசல்ல நின்னு மொறைக்கிறீங்க? எந்தக் கொரலு? ...போன்ல வழி சொன்ன கொரலா?

...

நான்தான்மா.

சேத்துல மாட்டுனா, இருட்டுறதுக்குள்ள வேன அப்புடியே திருப்பிக்கிட்டுப் போயிருவீங்கன்னு நெனச்சேன். கத்திக் கூப்புட்டவனும் நான்தான், சேத்துல எறக்குனவனும் நான்தான். கூட்டத்துல கத்தும்போது மத்தவங்க வாயத்தான் நெனச்சேன் போல. என்னா மனுசன் நானு?

சரி... ஒண்ணே ஒண்ணு. கெட்ட சேதின்னா எங்கிட்ட சொல்லாதீங்க. ஜோசப்பின்கிட்டயும் வேணாம், அழுவா. வெளியில நாய் நிக்கிது. அதுகிட்ட சொல்லுங்க.

சிரிக்காதீங்கம்மா, டார்ச்சு ஆடுது. நேரா புடிங்க.

ஆஆஆ...