வயிறு பத்திரம் பதிவுக்குப் போன அன்று

வேனில் போவதென்றால் எனக்கு முன்சீட்டு வேண்டும். சூளகிரி தாண்டுவதற்குள் குமட்டிவிடும். அன்றைக்கும் டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். எங்கள் நேயர் மன்றத்து ஆட்கள் பின்னால் பாட்டும் கூத்துமாக வந்தார்கள். எல்லப்பன் எனக்கு நேர் பின்னால் இருந்தான். புளிப்பு மிட்டாய் ஒன்றை உரித்து என் தோளுக்கு மேலாக நீட்டி, "வாயில போட்டுக்கோண்ணா, கொமட்டாது" என்றான். நல்ல பையன். அவன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் போச்சம்பள்ளியில் செருப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். கம்பெனி பஸ்ஸில் டிரைவர் ரேடியோ வைப்பார். அதில் வாராவாரம் 'வயிறு பத்திரம்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி வரும். நேயர்கள் அனுப்பும் துணுக்குகளை அறிவிப்பாளர் அசோக்குமார் குரல் மாற்றி மாற்றிப் படிப்பார். படித்து, சிரிப்பு அடங்கிய பிறகுதான் அனுப்பியவரின் பெயரைச் சொல்வார். ஆரம்பத்திலிருந்தே அதுதான் வழக்கம். எங்கள் பஸ்ஸில் நேயர் மன்றம் ஆரம்பித்தவன் நான். வருஷக்கணக்காகத் துணுக்கு எழுதி அனுப்பியவனும் நான். என் பெயர் ஒருமுறைகூட ரேடியோவில் வந்ததில்லை.

எல்லப்பன் ஒரு வரி எழுதியவன் இல்லை. ஒருமுறை நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, பேச்சே வராமல் சிரித்தான். அவ்வளவுதான் செய்தான். அவன் சிரிப்பு மேலே மேலே ஏறி, மூச்சு தீர்ந்து, விசில்போல இழுத்துக்கொண்டு இறங்கும். அசோக்குமாருக்கு அது பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு எந்தத் துணுக்கைப் படித்தாலும், "போச்சம்பள்ளி எல்லப்பன் கேட்டுக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்பார். பஸ்ஸே அதிரும். எனக்குப் பொறாமை என்று மன்றத்து வெங்கட் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பொறாமை கிடையாது. உழைத்தவனுக்கு ஒரு நியாயம் வேண்டாமா என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அந்த விசில் சத்தம் இழுப்பு நோயால் வருவது. கம்பெனியில் தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று எல்லப்பன் மறைத்து வைத்திருந்தான். ஒருநாள் கழிவறைப் பக்கம் சுவரில் சாய்ந்து வாயில் மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது நான் பார்த்துவிட்டேன். அந்த மருந்துக் குப்பியை அவன் பம்பு என்பான். "யார்கிட்டயும் சொல்லிராதண்ணா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். நான் யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை நான் மீறுவதில்லை.

நேயர்களை உட்கார வைத்து எடுக்கும் பதிவு ஓசூரில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று எல்லாப் பேச்சும் கலந்த கூட்டம். நிலையத்து ஆள் ஒருவர் வந்து, மைக் எல்லாவற்றையும் பிடித்துவிடும், சாவி, சில்லறை, வளையல், செல்போன் எதுவும் மேலே இருக்கக் கூடாது என்றார். சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் எழுந்திருக்கவும் கூடாது. மன்றத் தலைவன் என்ற முறையில் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் வாங்கிக்கொண்டேன். பம்பை ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரும். எல்லப்பன் கொஞ்சம் யோசித்தான். பிறகு ரகசியமாக என் கையில் கொடுத்து, "பக்கத்துலயே ஒக்காந்துக்கோண்ணா. வேணும்னா கேக்கறேன்" என்றான். சரி என்றேன். பையின் வாயை முடிந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பாதி நிகழ்ச்சி போனபிறகு அசோக்குமார் என் துணுக்கைப் படித்தார். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தொழிலாளி ஒருவனை வேலை நேரத்தில் எமன் கூப்பிட வருகிறான். தொழிலாளி சொல்கிறான்: "ஒரு நிமிஷம் சார், கைரேகை வெச்சிட்டு வந்துடறேன். இல்லேன்னா செத்ததுக்கும் அரைநாள் லீவு போட்டுருவாங்க." மண்டபம் குலுங்கியது. பாதிப்பேர் கம்பெனி ஆட்கள் அல்லவா.

எல்லப்பன்தான் அதிகமாகச் சிரித்தான். சிரிப்பு ஏறியது. விசில் வந்தது. பிறகு அது இறங்கவில்லை.

மற்றவர்கள் அடங்கிக்கொண்டிருந்தார்கள். அசோக்குமார் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது எல்லப்பனின் சத்தம் அவர் காதில் விழுந்தது. "அட, நம்ம எல்லப்பன் வந்திருக்காரு" என்றார். மறுபடி கைதட்டல். எனக்கு எரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை. எல்லப்பன் என் பக்கம் திரும்பி மடியிலிருந்த பையைக் காட்டினான். கண் நிறைய நீர். சிரித்தாலும் அப்படித்தான் நீர் வரும்.

நான் யோசித்தேன், அவசரப்படவில்லை. பையை அவிழ்த்தால் சத்தம் வரும். ஆளைத் தூக்கிப் போனால் பதிவை நிறுத்துவார்கள். திரும்ப எடுக்கும்போது தெரிந்த துணுக்குக்கு யார் சிரிப்பார்கள், வெட்டிவிடுவார்கள். பெயர் வர இன்னும் ஒரு மூச்சு நேரம்தான். அதுவரை பொறுக்கலாம் என்று பட்டது. உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவன் கை பைக்கு வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மெலிந்த ஆள்தான், ஆனால் அந்த நேரத்தில் நல்ல பலம் இருந்தது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று நான் சிரித்தேன். என்னைப் பார்த்து வெங்கட் சிரித்தான். வரிசையே சிரித்தது. "சிரிங்க எல்லப்பன், வயிறு பத்திரம்" என்றார் அசோக்குமார்.

எல்லப்பன் என் தோளில் சாய்ந்தபிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

தூக்கிக்கொண்டு வெளியே ஓடியபோது பையை அவிழ்த்துப் பம்பை அவன் சட்டைப்பையில் வைத்தேன். அதை நான் பதற்றத்தில் செய்ததாகச் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் இழுப்பு என்று எழுதினார்கள், அதில் பொய் இல்லை. அவன் மனைவி மாதேஸ்வரி மட்டும் கேட்டாள், "பம்பு பாக்கெட்டுலதானே இருந்துச்சு, ஏண்ணா எடுக்கல அவரு?" சிரிப்பில் மறந்துவிட்டான் என்றேன். "நானாச்சும் கூட வந்திருக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன். இன்றைக்கும் அவள் தன்னையேதான் நொந்துகொண்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் அவன் திரும்பி வரப்போகிறானா? அதனால் சொல்லவில்லை.

அவனுக்கு அஞ்சலி என்று அந்தப் பதிவையே ஒலிபரப்பினார்கள். பஸ்ஸில் கேட்டோம். என் துணுக்கு வந்தது, பிறகு அவன் சத்தம். ஒன்றையும் வெட்டவில்லை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி எண்ணிக்கொண்டு வந்தேன், இது கை நீட்டியபோது, இது பையை இழுத்தபோது, இது விட்டபோது என்று. எல்லாம் அடங்கியதும், பின்னால் பேசிச் சேர்த்த அசோக்குமாரின் குரல் வந்தது. "கடைசி மூச்சுவரை அவர் கையை விடாமப் பிடிச்சிருந்த நண்பர், இந்தத் துணுக்கை எழுதின போச்சம்பள்ளி மணிவேலுக்கு நம்ம ஆறுதல்." வெங்கட் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

மணிவேல் என்று எவ்வளவு தெளிவாகச் சொன்னார். எல்லப்பன் மட்டும் இருந்து கேட்டிருந்தால், என்னைவிட அவன்தான் சந்தோஷப்பட்டிருப்பான்.