எந்தச் சேவலை வைத்துக்கொள்வது

பட்டாபிராமில் ரயிலேறிய இரு பெண்களில் இளையவள் அலுத்துக்கொண்டாள்.

“பொட்டக்கோழின்னு நம்பி அஞ்சு குஞ்சு வாங்கனேன்க்கா. ரெண்டு சேவலாப் பூட்ச்சி. கொண்டை செவந்து, கழுத்துல கூர் எறகு மொளைச்சிகீது.”

“ஒண்ண வெச்சிகினு ஒண்ண அறுத்துடு.”

“அதுலதான் சண்டையே. பெர்சு, பொட்டைங்க முதுகக் கொத்தி மொட்டையாக்குது. சின்னது அரிசியப் பாத்தா, தான் துன்னாம பொட்டைங்களக் கூப்புடுது. ஊட்டுக்காரரு பெர்சுதான் வீரன்றாரு. ஞாயித்துக்கெழம சின்னத்தக் கொழம்பு வெக்கணுமாம்.”

“பின்ன? பொண்டாட்டிக்குக் குடுத்துட்டுத் துன்ற ஆம்பள ஒண்ணு ஊட்ல இருந்தா, அவரு மானம் இன்னாவறது?”

பெட்டியே சிரித்தது. இளையவள் மட்டும் தீவிரமாக யோசித்தாள். அம்பத்தூரில் இறங்குவதற்கு எழுந்தபோது அவள் முடிவைச் சொன்னாள்.

“கொழம்பு வெக்கறது நான்தானேக்கா. ஞாயித்துக்கெழம சட்டியில கொதிக்கப் போறது அந்த வீரன்தான்.”