கிரிவலத்துக்கு ஏற்ற ஆப்

இலவச ஆப்களில் இருக்கும் ஒரே தொல்லை விளம்பரம்தான். மூச்சு வாங்கச் சைக்கிளை நிறுத்தி, எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறோம் என்று பார்க்கப் போனால், ஒரு பெண் வந்து கல்யாண நகை வாங்கச் சொல்வாள். ஐந்து விநாடி பொறுத்தால் போய்விடுவாள். அதைப் பொறுக்கத் தெரிந்தவர் காசு கொடுத்து ஆப் வாங்க வேண்டியதே இல்லை. மேடம், நீங்கள் என் கைப்பட எழுதச் சொன்னீர்கள். எங்கிருந்து தொடங்கட்டும் என்று கேட்டேன். "ஆரம்பத்துல இருந்து எழுதுங்க" என்றீர்கள். ஆரம்பம் இந்த ஆப்தான்.

என் பெயர் ராஜமாணிக்கம். வயது நாற்பத்தாறு. வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் உதவியாளர். வீடு அடி அண்ணாமலை. போன வருஷம் ரத்தத்தில் சர்க்கரை ஜாஸ்தி என்று வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எங்கள் ஊரில் நடக்கிறவனை யாரும் சும்மா விடமாட்டார்கள், என்ன வேண்டுதல் என்று கேட்பார்கள். சர்க்கரை என்று சொன்னால், அதற்கு எந்த லிங்கத்துக்கு எத்தனை விளக்கு போட வேண்டும் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். சைக்கிளில் போகிறவனை நிறுத்திக் கேட்க முடியாது. அதனால் சைக்கிள் வாங்கினேன்.

சைக்கிள் வாங்க ஒரு மணி நேரம் ஆனது. ஆப்பைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம். முதலில் போட்ட ஆப்புக்குச் சைக்கிளும் நடையும் ஒன்றுதான், சக்கரம் சுற்றியதை எல்லாம் காலடியாக எண்ணி, நான் ஒரே காலையில் முப்பதாயிரம் அடி நடந்ததாகச் சொல்லி வாழ்த்தியது. அடுத்தது மலையைச் சுற்றிப் பதிமூன்று கிலோமீட்டர்தான் என்றது. பதினாலு என்று ஊரே சொல்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பதினாலு கிலோமீட்டர் புண்ணியம் என்று நினைத்து நடந்தவர்களுக்கு ஒரு கிலோமீட்டரைப் பிடித்துக்கொண்ட ஆப்பை நான் அன்றே அழித்தேன். மூன்றாவது ஆப் பதினாலு புள்ளி பூஜ்ஜியம் இரண்டு என்றது. நின்ற இடம், நின்ற நேரம், விநாடிகூட விடாமல் குறித்தது. ஒரு சுற்றைக் குறைந்த நேரத்தில் முடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிரீடம் போட்டது. இதுதான் ஆப் என்று முடிவு செய்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் நானாகத் தேர்ந்தெடுத்த முதல் பொருள் அது. மனை வாங்கித் தந்தது என் மச்சான் பலராமன். பைக்குக்கு இந்தக் கலர்தான் அழுக்கு தெரியாது என்று சொல்லி எடுத்துத் தந்தது அவர். என் மனைவி தமிழ்செல்வி அவருடைய தங்கை. ஆகவே அதுவும் அவர் தேர்வுதான். நல்ல மனுஷர். அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

நான் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று கேள்விப்பட்டு அவரும் ஒன்று வாங்கினார். ஐம்பத்தொரு வயது, தொப்பை கிடையாது. டீக்கடையில் டீ ஆறுவதற்குள் என் போனைப் பார்த்து அதே ஆப்பைத் தன் போனில் போட்டுக்கொண்டார். "எதுவா இருந்தா என்ன மாப்ள, ஓடினா சரி" என்றார். மூன்று வாரம் தேடியவன் எதிரில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னார். மூன்றாம் நாள் கிரீடம் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு சுற்று முப்பத்தெட்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதன் படத்தைப் போட்டார். தமிழ்செல்வி ஏழு கைதட்டல் போட்டாள். நான் எண்ணினேன்.

அதன் பிறகு ஐந்து மாதம் தினமும் ஓட்டினேன். சர்க்கரை கம்மியானது, அதை யாரும் குழுவில் போடவில்லை. என் நேரம் நாற்பத்திரண்டு நிமிடமாகி, நாற்பதாகி, முப்பத்தொன்பதரையில் வந்து நின்றது. "நல்லா வர்ற மாப்ள" என்று அவர் முதுகில் தட்டுவார். உண்மையாகவே சந்தோஷப்படுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்கமாட்டேன்.

சம்பவம் நடந்தது மார்கழி, ஒரு செவ்வாய்க்கிழமை. பௌர்ணமி முடிந்து பத்து நாள், சாலையில் கூட்டம் இல்லை. முந்தின நாள் மழை. அடி அண்ணாமலை கோயில் பக்கத்து வளைவில் இருந்துதான் என் சுற்று தொடங்கும். ஐந்து பத்துக்குக் கிளம்பினேன். ஒரு கிலோமீட்டர் தாண்டி ஒரு மதகு இருக்கிறது. அங்கே கீழே இருந்து யாரோ முனகுவது கேட்டது. நிறுத்தி, சாலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பலராமன் மச்சான்.

வேங்கிக்காலில் அவர் வீட்டில் இருந்து எனக்கு முன்பே கிளம்பி வந்திருக்கிறார். நாய் குறுக்கே ஓடி, ஈரத்தில் சக்கரம் வழுக்கி, மதகுக்குக் கீழே புதருக்குள் விழுந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. தொடையில் சைக்கிள் கம்பி ஏதோ கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் போன் தண்ணீரில் போய்விட்டது.

"மாப்ள, நல்லவேளை நீ வந்த. நூத்தியெட்டுக்குப் போடு" என்றார்.

"போடறேன் மச்சான். பயப்படாதீங்க" என்றேன்.

போன் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தது. அதில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காற்று இல்லை, குளிர், கால் லேசாக இருந்தது. ஐந்து மாதத்தில் அப்படி ஒரு காலை எனக்கு வாய்த்ததில்லை. போன் பேசினால் ஆப் பதிவை நிறுத்திவிடும் என்று நினைத்தேன். நிறுத்தாது, பேசிக்கொண்டே இருந்தாலும் அது பாட்டுக்கு ஓடும் என்று நீங்கள்தான் போன வாரம் காட்டினீர்கள். மூன்று வாரம் எல்லாவற்றையும் பார்த்தவன் அதை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

ஒரு சுற்று நாற்பது நிமிடம். இடுப்பு எலும்பு எழுந்து எங்கேயும் ஓடிவிடாது. இப்படித்தான் யோசித்தேன். ஏறி மிதித்தேன்.

முழு மூச்சாக ஓட்டினேன். வளைவுக்கு வந்தபோது முப்பத்தொன்பது நிமிடம். அவர் நேரத்துக்கும் எனக்கும் பத்தொன்பது விநாடி வித்தியாசம். மதகருகில் நான் நின்றது இருபது விநாடி. அதாவது அவரோடு பேசாமல் போயிருந்தால் அந்தச் சுற்றிலேயே முடிந்திருக்கும். இதற்காக அவர் மேல் நான் கோபப்படவில்லை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன்.

ஆப் தானாகவே அடுத்த சுற்றைத் தொடங்கிவிட்டது. மதகுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர். நின்று உதவும் எண்ணத்தோடுதான் போனேன். ஆனால் மதகை நெருங்கும்போது போனில் ஆப்பின் பெண் குரல், நான் மச்சானின் நேரத்தைவிட எட்டு விநாடி முன்னால் இருப்பதாகச் சொன்னது. ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. கீழே பார்த்தேன். உயிரோடு இருந்தார். கையைத் தூக்கினார். நான் நிற்கவில்லை.

வேறு யாரும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டீர்கள். ஐந்தாறு பேர் நடந்து போனார்கள். மலையைச் சுற்றுகிறவர்களுக்கு மலை வலது பக்கம். எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்து, வாய்விட்டு மந்திரம் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டே போவார்கள். இவர் விழுந்தது இடது பக்கம்.

இரண்டாவது சுற்று முப்பத்தெட்டு நிமிடம் முப்பத்தேழு விநாடி. நான்கு விநாடியில் கிரீடம் மாறியது. அந்த ஆப்பில் பதிவைச் சேமிக்கப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். சவாரிக்குப் பெயர் கேட்டது. "காலை" என்று எழுதினேன். பிறகு மதகுக்குப் போய் நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். அப்போது மணி ஆறு முப்பத்தொன்று. அவர் கண் திறந்திருந்தது. பேச்சு இல்லை. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

ஆம்புலன்ஸ் பதினோரு நிமிடத்தில் வந்தது. குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று இழுத்தார்.

என்னைக் கண்டுபிடித்தது அவர் மகள் சிந்துஜா. சென்னையில் வேலை. அப்பாவோடு சேர்த்து என்னையும் அந்த ஆப்பில் தொடர்ந்துகொண்டிருக்கிறாள். அன்று காலை என் சுற்றுக்குக் கைதட்டல் போட்டதே அவள்தான், விஷயம் தெரியாமல். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு உட்கார்ந்து என் வரைபடத்தை விரித்துப் பார்த்திருக்கிறாள். ஐந்து பதிமூன்றுக்கு மதகருகில் இருபது விநாடி நிறுத்தம். "மாமா, இங்க எதுக்கு நின்னீங்க?" என்று கேட்டாள். நான் தண்ணீர் குடிக்க என்றேன். பாட்டில் வைக்கும் கூடே என் சைக்கிளில் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது. அடுத்த நாள் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள்.

தமிழ்செல்வி இப்போது அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். போவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்கண்ணன் கடைசியா ஏதாவது பேசிச்சா?" இல்லை என்றேன். அழுதாள். அவளுக்காகத்தான் இல்லை என்றேன். உங்களிடம் அதை மறைக்கத் தேவையில்லை.

இரண்டாவது முறை மதகைக் கடந்தபோது அவர் பேசினார். சைக்கிள் சத்தம் கேட்டே நான்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். குரலில் அவ்வளவு நிம்மதி. "வந்துட்டியா மாப்ள" என்றார்.

நான் மிதிப்பதை நிறுத்தாமல், "வந்துட்டே இருக்கேன் மச்சான்" என்றேன்.

அது பொய் இல்லை, மேடம். அது மலையைச் சுற்றுகிற சாலை. அவரை விட்டு எவ்வளவு தூரம் போனாலும், அவரை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தேன். அன்று காலை அவரிடம் வர அவ்வளவு வேகமாக மிதித்தவன், இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான்.